மார்க் தெரிகிறது, கற்றது தெரிகிறதா? சமுதாயக் கல்லூரியில் கற்றல் விளைவுகளை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

சுகாதார உதவியாளர் டிப்ளமோ வகுப்புக்கு நான் பொறுப்பேற்ற முதல் வருடம் அது. ரெக்கார்டு நோட்டுகளை எல்லாம் வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரத்த அழுத்தம் பார்க்கும் பயிற்சிக்கு ஒவ்வொருவரும் பத்துப் பேரைப் பார்த்து எழுத வேண்டும். எழுதியிருந்தார்கள்: 120/80, 120/80, 110/70, மறுபடி 120/80. செய்முறைத் தேர்விலும் எல்லாருக்கும் நல்ல மார்க்.

இன்டர்ன்ஷிப் தொடங்கிய மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி வார்டு சிஸ்டர் போன் செய்தார். "சார், உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான், சொன்ன வேலையெல்லாம் செய்யுது. ஆனா எந்த பேஷண்டப் பாத்தாலும் 120/80ன்னு எழுதி வைக்குது. இப்பதான் நான் பாத்தேன், 170/100 இருக்கு."

அந்தப் பெண்ணுக்குச் செய்முறையில் 50க்கு 43 போட்டவன் நான். மார்க் என்னிடம் இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அவள் காதில் சத்தம் கேட்கிறதா இல்லையா என்ற விவரம் மட்டும் என்னிடம் இல்லை. அவள் யாரையும் ஏமாற்றவில்லை. சத்தம் கேட்காதபோது என்ன எழுதுவது என்று யாரும் சொல்லித் தராததால், புத்தகத்தில் இருந்த எண்ணை எழுதினாள்.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சமுதாயக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களையும், தனியாக ஒரு துறையைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

நம் கல்லூரிக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை

சமுதாயக் கல்லூரி என்ற அமைப்பு அமெரிக்காவில் முளைத்தது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஜூனியர் காலேஜ் 1901இல் தொடங்கப்பட்டது. நம் பக்கம் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னையில் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜும் முதல் அடி எடுத்து வைத்தன. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், பிளஸ் டூவில் தவறியவர்கள், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள் ஆகியோரை வேலைக்குத் தயார் செய்வதுதான் நோக்கம்.

2013இல் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த சமுதாயக் கல்லூரித் திட்டத்தில் ஆறு மாதச் சான்றிதழுக்கு 30 கிரெடிட், ஒரு வருட டிப்ளமோவுக்கு 60 கிரெடிட். அதில் 60 சதவீதம் திறன் பகுதி, 40 சதவீதம் பொதுக்கல்வி. கணக்குப்படி டிப்ளமோவில் 36 கிரெடிட் கையால் செய்து காட்ட வேண்டியவை. ஆனால் பல இடங்களில் அந்த 36க்கும் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வும், நோட்டைப் பார்த்துப் போடும் இன்டர்னல் மார்க்கும்தான் ஆதாரமாக இருக்கின்றன.

நம் மாணவர்கள் கையில் வாங்கிப்போகும் சான்றிதழை நம்பித்தான் ஒருவர் அவர்களைத் தன் வார்டிலோ, கேரேஜிலோ, சமையலறையிலோ விடுகிறார். மேற்படிப்புக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளும் அவகாசம் அவர்களில் பலருக்குக் கிடையாது.

படி 1: விளைவை வேலையின் மொழியில் எழுதுங்கள்

கற்றல் விளைவு என்றால், பாடம் முடிந்தபின் மாணவர் எதைச் செய்து காட்டுவார் என்பதைச் சொல்லும் ஒரு வாக்கியம். நீங்கள் எதை நடத்துவீர்கள் என்பது பாடத்திட்டத்தில் இருக்கும். அதை இங்கே திரும்ப எழுத வேண்டாம்.

பழைய சிலபஸில் இப்படி இருக்கும்: "மாணவர்கள் இரத்த அழுத்தம் பற்றி அறிந்துகொள்வர்." இதை யாராலும் அளக்க முடியாது. அறிந்துகொண்டாரா என்று எங்கே பார்ப்பது? நாங்கள் இப்போது வைத்திருப்பது இது:

"கையால் காற்றடிக்கும் கருவியைக் கொண்டு, உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் இரத்த அழுத்தத்தை உதவியின்றி அளந்து, ஆசிரியர் அதே நேரத்தில் கேட்ட அளவிலிருந்து 4 மி.மீ.க்குள் இருக்குமாறு பதிவு செய்வார். சத்தம் தெளிவாகக் கேட்காவிட்டால் அப்படியே சொல்வார்."

இதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. செய்கை: அளப்பார், பதிவு செய்வார், சொல்வார். சூழல்: எந்தக் கருவி, யாரிடம், உதவி உண்டா இல்லையா. தரம்: 4 மி.மீ.க்குள். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் பின்னால் மதிப்பிடும்போது ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

தையல் பிரிவு ஆசிரியை ஒருவர் எழுதியதைப் பார்த்து நான் அசந்துபோனேன். "அளவு ஜாக்கெட் இல்லாமல், உடம்பில் நேராக எடுத்த அளவை மட்டும் வைத்து லைனிங் ஜாக்கெட் ஒன்றை வெட்டித் தைப்பார், போட்டுப் பார்க்கும்போது எந்த இடத்திலும் அரை அங்குலத்துக்கு மேல் திருத்தம் வராது." நம் ஊர் டெய்லர் கடைகளில் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால் தைத்துக்கொடுப்பவர்கள் நிறைய பேர். அது இல்லாமல் உடம்பைப் பார்த்து வெட்டத் தெரிந்தவருக்குத்தான் தனியாகக் கடை போடும் தைரியம் வரும். அந்த ஒரு வாக்கியம் மொத்த கோர்ஸின் குறிக்கோளையே மாற்றிவிட்டது.

வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கப் பலரும் கற்றலின் படிநிலைகளைச் சொல்லும் புளூமின் வகைப்பாட்டைக் கையில் வைத்திருப்பார்கள். 1956இல் வந்தது, 2001இல் திருத்தப்பட்டது: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். பயனுள்ளதுதான். ஆனால் அது முக்கியமாக அறிவு சார்ந்த பகுதிக்கான ஏணி. கைவேலைக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். நமக்கு இன்னும் பொருத்தமானது, தொழில் தகுதிகளை நிலை நிலையாக வகுக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு. 2013இல் அறிவிக்கப்பட்டபோது அது ஒவ்வொரு நிலையையும் ஐந்து கோணங்களில் விளக்கியது: வேலையின் தன்மை, தொழில் அறிவு, தொழில் திறன், அடிப்படைத் திறன், பொறுப்பு. 2023இல் அது திருத்தப்பட்டாலும், பொறுப்பு என்ற கோணத்தை நான் விடுவதில்லை. தன் வேலைக்கு மட்டும் பொறுப்பேற்பவரா, கூட இருப்பவரின் வேலைக்கும் ஓரளவு பொறுப்பேற்பவரா என்பதுதான் பழைய கட்டமைப்பில் நான்காம் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் இருந்த முக்கிய வித்தியாசம். சான்றிதழ் வகுப்புக்கும் டிப்ளமோவுக்கும் ஒரே விளைவை எழுதிவிடாமல் இருக்க இது உதவும்.

எழுதி முடித்ததும் அந்த வாக்கியங்களை வேலை கொடுப்பவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். வார்டு சிஸ்டர், கேரேஜ் முதலாளி, கேட்டரிங் காண்ட்ராக்டர், யாராக இருந்தாலும் சரி. "இதையெல்லாம் செஞ்சா எடுத்துக்குவீங்களா?" என்று கேளுங்கள். அவர் சேர்க்கச் சொல்வதைவிட, "இது எதுக்கு?" என்று கேட்பது முக்கியம்.

ஒரு பாடத்துக்கு ஐந்து விளைவுகள் போதும். பதினைந்து எழுதினால் எதையும் ஒழுங்காக அளக்க மாட்டீர்கள்.

படி 2: எங்கே சொல்லித் தருகிறோம் என்று ஒரு கட்டம் போடுங்கள்

இது ஒரு மதிய நேர வேலை. இடது பக்கம் விளைவுகள், மேலே பாடங்கள். எந்தப் பாடத்தில் ஒரு விளைவு அறிமுகமாகிறதோ அங்கே "அ", பயிற்சி நடக்கும் இடத்தில் "ப", முழுமையாகச் செய்துகாட்ட வேண்டிய இடத்தில் "மு". போட்டு முடித்ததும் வரிசைகளைப் பாருங்கள். "அ" இருக்கிறது, "மு" இருக்கிறது, நடுவில் ஒரு "ப" கூட இல்லை என்றால், சொல்லிக்கொடுத்துவிட்டு நேராகத் தேர்வு வைக்கிறோம் என்று அர்த்தம். எங்கள் கட்டத்தில் இரத்த அழுத்த வரிசை அப்படித்தான் இருந்தது. மதிப்பீடு தொடங்கும் முன்பே பாதிக் காரணம் வெளிப்பட்டுவிட்டது.

படி 3: உள்ளே வரும்போது என்ன தெரியும் என்று பாருங்கள்

மற்ற கல்லூரிகளைப்போல் ஒரே வயது, ஒரே படிப்பு என்று நம் வகுப்பு இருக்காது. எட்டாவதோடு நின்ற நாற்பது வயது அம்மாவும், போன மாதம் பிளஸ் டூ முடித்த பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வருடக் கடைசியில் இருவரும் ஒரே இடத்தில் நின்றாலும், யார் எவ்வளவு தூரம் வந்தார் என்பது முதல் வாரத்தில் அளந்திருந்தால்தான் தெரியும்.

எங்கள் வகுப்பில் ஓர் அம்மா இருந்தார். படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டவர். படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதை நான் நடத்தப் போனால், என்னைவிட அவர் நன்றாகச் செய்து காட்டினார். போர்வையை எங்கே மடித்து வைத்து இழுத்தால் தோல் உராயாது என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த விளைவை அவர் முதல் நாளே அடைந்துவிட்டார். அவரை மறுபடி அங்கேயே உட்கார வைப்பது அவருடைய நேரத்தைத் திருடுவதாகும். அதே நேரத்தில் சார்ட்டில் நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுத அவருக்குத் தடுமாற்றம். தொடக்க மதிப்பீடு இரண்டையும் காட்டிக் கொடுக்கும்.

இதற்குத் தேர்வுத்தாள் வேண்டாம். ஐந்து விளைவுகளிலும் சின்னதாக ஒன்றைச் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டால் போதும். "பரீட்சை" என்ற சொல்லையே முதல் வாரம் உபயோகிக்காதீர்கள். அந்தச் சொல்லால் படிப்பை விட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

படி 4: சரியான ஆதாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆதாரம் இரண்டு வகை. மாணவர் செய்ததை நேரில் காட்டுவது நேரடி ஆதாரம்: செய்முறை, தைத்த ஜாக்கெட், எழுதிய பில், பதிவு செய்த வீடியோ. யாராவது சொல்வது மறைமுக ஆதாரம்: கருத்துக் கேட்புப் படிவம், வேலை கிடைத்த விவரம், "எனக்கு நன்றாகத் தெரியும்" என்று மாணவரே சொல்வது. ஒவ்வொரு விளைவுக்கும் குறைந்தது ஒரு நேரடி ஆதாரம் இருந்தே ஆக வேண்டும். மறைமுக ஆதாரம் துணைக்கு.

ரெக்கார்டு நோட்டு நேரடி ஆதாரம் என்று நான் நினைத்திருந்தேன். எழுதப்பட்ட எண் உண்மையா என்று சரிபார்க்க ஒரு வழியும் இல்லாதவரை அது வெறும் காகிதம். இதற்கு நாங்கள் கண்ட வழி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும் பயிற்சி ஸ்டெதஸ்கோப். ஒரே முனையிலிருந்து இரண்டு ஜோடிக் காதுக்குழாய்கள் பிரியும். மாணவி ஒன்றை மாட்டிக்கொள்வாள், நான் ஒன்றை. அவள் காற்றை இறக்குவாள், இருவரும் கேட்போம். அவள் தன் சீட்டில் எழுதுவாள், நான் என் சீட்டில் எழுதுவேன், ஒருவருக்கொருவர் காட்டாமல். பிறகு இரண்டு சீட்டையும் மேசைமேல் திருப்பிப் போடுவோம்.

முதல் முறை இதைச் செய்தபோது ஒரு மாணவி 120/80 என்று எழுதியிருந்தாள். என் சீட்டில் 104/66. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சார், எனக்கு இதுவரைக்கும் ஒரு தடவைகூட சத்தம் கேட்டதே இல்ல." காதுக்குழாயை முன்பக்கம் சாய்த்து மாட்ட வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. சரியாக மாட்டிவிட்டதும் கேட்டுவிட்டது. அவள் கண் விரிந்ததை நான் மறக்கவில்லை. ஐந்து மாதம் வகுப்பில் இருந்தவள்.

மொழி விஷயத்தையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்த மாணவரிடம் ஆங்கிலத்தில் வைவா (வாய்மொழித் தேர்வு) கேட்டால், நீங்கள் அளப்பது அவருடைய ஆங்கிலத்தை. காயத்துக்குக் கட்டுப் போடத் தெரியுமா என்பதைத் தமிழில் கேளுங்கள், கையால் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஆஸ்பத்திரி சார்ட்டை ஆங்கிலத்தில் நிரப்புவது வேலைக்குத் தேவை என்றால், அதைத் தனி விளைவாக எழுதி, தனியாகச் சொல்லிக்கொடுத்து, தனியாக அளங்கள். இரண்டையும் ஒரே மார்க்கில் கலந்துவிட்டால் எதில் தவறினார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

படி 5: ரூப்ரிக்

ரூப்ரிக் என்பது ஒரு செயலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் எந்தெந்த நிலையில் எப்படித் தெரியும் என்று சொற்களில் எழுதிய அட்டவணை. நாங்கள் நான்கு நிலைகள் வைத்திருக்கிறோம்: 1 தொடக்கம், 2 உதவியோடு செய்வார், 3 தனித்துச் செய்வார், 4 மற்றவருக்குச் சொல்லித் தருவார். ஐந்து நிலை வைத்தால் எல்லாரும் நடுவில் இருக்கும் மூன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான்கில் நடு இல்லை, முடிவெடுத்தாக வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு ஐந்து வரிசைகள்: நோயாளியைத் தயார் செய்தல், பட்டையைக் கட்டுதல், காற்றை ஏற்றி இறக்குதல், கேட்டுப் பதிவு செய்தல், தெரிவித்தல். காற்று வரிசையை மட்டும் முழுதாகத் தருகிறேன்.

நிலை 1: மணிக்கட்டு நாடியைப் பார்க்காமல் காற்றடிக்கிறார்; வால்வைத் திறந்ததும் முள் சரசரவென்று இறங்கிவிடுகிறது.
நிலை 2: காற்று ஏற ஏற நாடி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார், அதற்கு மேல் எவ்வளவு ஏற்றுவது என்று கேட்கிறார், அல்லது இறக்கும் வேகம் ஒரே சீராக இல்லை.
நிலை 3: நாடி நின்ற இடத்துக்கு மேல் சுமார் 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் நிறுத்தாமல் இறக்குகிறார்.
நிலை 4: அதைச் செய்துகொண்டே ஏன் இப்படி என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குகிறார், தவறினால் பட்டையை முழுதும் தளர்த்தி, சற்று நேரம் விட்டு மறுபடி தொடங்குகிறார்.

இதில் "நன்றாக", "ஓரளவு", "சரியாக" போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதியிருக்கிறோம். "நன்றாகச் செய்கிறார்" என்று எழுதினால் அது பழைய மார்க்கேதான், பெயர் மட்டும் புதிது.

இன்னொன்று: சில வரிசைகளில் ஈடுகட்டல் கூடாது. கேட்காத எண்ணை எழுதினால், மற்ற நான்கு வரிசைகளில் 4 வாங்கியிருந்தாலும் அந்த விளைவு அடையப்படவில்லை. இன்டர்ன்ஷிப் போகும் முன் அந்த வரிசையில் அனைவரும் 3க்கு வந்தாக வேண்டும். எலெக்ட்ரிகல் பிரிவில் மெயினை ஆஃப் செய்யாமல் கை வைப்பது அப்படிப்பட்ட வரிசை. கேட்டரிங்கில் பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவது அப்படிப்பட்டது. உங்கள் தொழிலில் எது என்று உங்களுக்குத் தெரியும். அதை ரூப்ரிக்கில் தனியாகக் கோடிட்டு வையுங்கள்.

ரூப்ரிக்கை மாணவர் கையில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள், தமிழில். மறைத்து வைக்க அதில் ஒன்றுமில்லை.

படி 6: மதிப்பிடுபவர்கள் ஒரே கண்ணோடு பார்க்க வேண்டும்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிப்பார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

மூன்று மாணவர்கள் செய்வதை அவர்கள் சம்மதத்தோடு செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நன்றாகச் செய்பவர், ஒருவர் தடுமாறுபவர், ஒருவர் இடையில் இருப்பவர். மதிப்பிடப்போகும் ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்து, பேசாமல், தனித்தனியே நிலைகளைக் குறிக்க வேண்டும். மூன்று வீடியோ, ஐந்து வரிசை என்றால் 15 முடிவுகள். பிறகு ஒன்றாக விரித்துப் பாருங்கள். 12க்கு மேல் ஒத்துப்போனால் தொடங்கலாம் என்பது எங்கள் கல்லூரியில் நாங்கள் வைத்துக்கொண்ட வரம்பு. எந்த வரிசையிலாவது ஒருவர் 1 போட்டு இன்னொருவர் 3 போட்டிருந்தால், ஆளைத் திருத்த வேண்டாம், வரிசையின் சொற்களைத் திருத்துங்கள்.

முதல் தடவை உட்கார்ந்தபோது ஒரு ஆசிரியை சொன்னார்: "அந்தப் பொண்ணு ஒரு நாள்கூட லீவு போடாம வருது சார், அதான் மூணு போட்டேன்." மனசு அப்படித்தான் வேலை செய்யும். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. வருகையும் முயற்சியும் மதிக்கப்பட வேண்டியவை, அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது. நோயாளியின் கையில் பட்டை கட்டும் வரிசையில் அதற்கு இடமில்லை.

படி 7: வேலையைக் கூட்டாமல் சேகரியுங்கள்

வழக்கமாக நடக்கும் செய்முறைத் தேர்விலேயே ரூப்ரிக்கை நுழைத்துவிடுங்கள். தனியாக ஒரு தேர்வு வேண்டாம். ஒரு செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு இரண்டு விளைவுகள் போதும், மீதி அடுத்த செமஸ்டரில். நாற்பது பேருக்குள் என்றால் எல்லாரையும் பாருங்கள். எழுத்து வேலைகள் குவிந்துகிடந்தால் மட்டும் ஒவ்வொரு மூன்றாவது தாளையும் எடுத்துப் படிக்கலாம். நன்றாக எழுதியவர்களின் தாளை மட்டும் எடுத்துக்கொள்வது மாதிரி எடுப்பது ஆகாது.

மதிப்பீட்டு நாளை நிச்சயிக்கும்போது மாதக் கடைசியையும் சித்திரை, தை முகூர்த்த நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். கேட்டரிங், தையல், பியூட்டிஷியன் மாணவர்கள் அன்று வேலைக்குப் போயிருப்பார்கள். வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கெடுத்தால் படம் தப்பாக விழும்.

படி 8: எண்ணை வாசிப்பது

ஒரு கணக்குக்காக 32 பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். நிலை 3 அல்லது 4 வாங்கியவர்கள்: தயார் செய்தல் 29, பட்டை 27, காற்று 13, கேட்டுப் பதிவு செய்தல் 14, தெரிவித்தல் 26. இலக்கு, ஒவ்வொரு வரிசையிலும் 80 சதவீதம், அதாவது 26 பேர். இந்த இலக்கை வருடத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். எண் வந்தபிறகு இலக்கு வைத்தால், வந்த எண்ணுக்குக் கீழேதான் வைப்போம்.

எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வகுப்பு பரவாயில்லை என்றே தோன்றும். அடைவு நிலையை 1, 2, 3 என்று படிவத்தில் நிரப்பச் சொல்லும் முறையிலும் ஏதோ ஒரு எண் வந்துவிடும். வரிசை வரிசையாகப் பார்த்தால்தான் இரண்டு இடத்தில் பள்ளம் தெரிகிறது.

அடுத்து, மாணவர் வாரியாகப் பாருங்கள். காற்றைச் சரியாக இறக்கிய 13 பேரில் 12 பேர் பதிவும் சரியாகச் செய்திருக்கிறார்கள். வேகமாக இறக்கிய 19 பேரில் 2 பேர்தான் சரி. இப்போது பிரச்சினை காதில் இல்லை, விரலில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. வால்வைத் திருகும் கட்டைவிரலுக்குப் பயிற்சி போதவில்லை. எக்செல்லில் மொத்த மார்க்கை மட்டும் ஏற்றியிருந்தால் இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த எண்களோடு மாணவர்களிடமும் பேசுங்கள். ஏன் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அவர்களிடம்தான் இருக்கும். எங்கள் மாணவிகள் சொன்னது: "சார், நாங்க ஒருத்தருக்கொருத்தர்தான் பாத்துக்கிறோம். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வருது. அதனால கேக்காட்டியும் தெரிஞ்ச மாதிரி எழுதிடுறோம்." இருபது வயதுப் பெண்கள் இருபது வயதுப் பெண்களையே அளந்துகொண்டிருந்தால், 170 என்ற எண்ணைக் கேட்கும் சந்தர்ப்பமே வராதே!

படி 9: மாற்றுங்கள், மறுபடி அளங்கள்

மாற்றம் சின்னதாக, ஆள் பெயரும் தேதியும் போட்டதாக இருக்கட்டும். "கற்பித்தல் முறை மேம்படுத்தப்படும்" என்று எழுதினால் எதுவும் நடக்காது.

நாங்கள் செய்தது இரண்டு. கருவியின் முகப்பில் ஒரு சின்னக் கோட்டுக்கு 2 மி.மீ. அதனால் "நொடிக்கு ஒரு கோடு" என்று ஒரு கணக்கு வைத்தோம். ஒருத்தி மேசையில் விரலால் நொடிக்கு ஒரு தட்டு தட்டுவாள், இன்னொருத்தி அந்தத் தட்டுக்கு ஒரு கோடாக முள்ளை இறக்குவாள். ஆள் கையில்கூடக் கட்ட வேண்டாம்; சுருட்டிய துண்டைச் சுற்றிக் கட்டிப் பழகலாம். தினமும் காலையில் பத்து நிமிடம். இரண்டாவது, வாரம் ஒரு நாள் பக்கத்துத் தெருப் பெரியவர்களைக் கல்லூரிக்கு வரச் சொன்னோம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய, கை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி மேசையில் வைத்து, பேச்சுக் கொடுக்காமல் அளக்கப் பழகினார்கள். பெரியவர்களுக்குக் காபி அளந்து முடித்தபிறகுதான். முன்னால் கொடுத்தால் அளவு ஏறிவிடும் என்பதையும் மாணவிகள் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, பள்ளம் விழுந்த இரண்டு வரிசைகளை மட்டும் மறுபடி அளங்கள். அடுத்த பேட்சுக்காகக் காத்திருக்க வேண்டாம். தவறியது இந்தப் பிள்ளைகள், பலனும் இவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பில் கேட்க வேண்டியது

சூப்பர்வைசருக்கு அனுப்பும் படிவத்தில் "மிக நன்று, நன்று, சுமார்" என்று கட்டம் போட்டால் எல்லாவற்றிலும் "நன்று" என்று டிக் அடித்து அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு நேரமில்லை, பிள்ளையின் மனசு நோகக் கூடாது என்ற எண்ணமும் உண்டு. நாங்கள் அந்தப் படிவத்தை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைப் போனில் கேட்கிறோம். இவரைத் தனியாக நைட் டியூட்டியில் விடுவீர்களா? எந்த வேலைக்கு இவரைக் கூப்பிட மாட்டீர்கள்? கடைசியாக இவர் செய்த தவறு என்ன, அதை அவரே சொன்னாரா, நீங்கள் கண்டுபிடித்தீர்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் வாழ்க்கைத் திறன் பாடம் முழுவதும் அடங்கிவிடும்.

காகித வேலை

நாக் (NAAC, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) குழு வரும்போது காட்ட வேண்டும் என்பதற்காகவே பல கல்லூரிகளில் இந்த வேலை தொடங்குகிறது. அதில் தவறில்லை. ஆனால் படிவமே வேலையாகிவிடும் ஆபத்து நிஜமானது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் ஆணையம் 2002இல் கற்றல் விளைவுகளைத் தன் தர விதிகளின் மையத்துக்குக் கொண்டுவந்தது. அங்குள்ள ஆசிரியர்கள் பலர் அதன்பின் பல வருடங்களாகச் சொல்லிவந்த குறை, அறிக்கை பெருத்தது, வகுப்பறையில் பேச்சு குறைந்தது என்பதுதான். நாம் அதே வழியில் போக வேண்டியதில்லை.

ஒரு விளைவுக்கு ஒரு பக்கம் போதும். எதை அளந்தோம், எத்தனை பேரில் எத்தனை பேர், பள்ளம் எங்கே, என்ன மாற்றினோம், மறுபடி அளந்தபோது என்ன வந்தது. ரூப்ரிக்கையும் நிரப்பிய தாள்களையும் பின்னால் கோத்து வையுங்கள். மாணவர் பெயருக்குப் பதில் வரிசை எண் போடுங்கள். நம் கல்லூரிகளில் தொகுப்பூதிய ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். ஜூன் மாதம் புதிதாக வருபவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது இந்தப் பக்கங்களைத்தான், சிலபஸுக்கும் முன்னால்.

ரெக்கார்டு நோட்டையும் நாங்கள் மாற்றி அச்சடித்தோம். மேல் அளவு, கீழ் அளவு என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம்: "சத்தம் தெளிவாகக் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்." அதில் டிக் அடித்தால் மார்க் குறையாது. கையெழுத்துக்கு நோட்டுகள் வரும்போது அந்தக் கட்டத்தில் டிக் விழுந்த பக்கங்களைத்தான் நான் முதலில் திறக்கிறேன். மறுநாள் காலை அந்த மாணவியோடு இரட்டைக் குழாய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன்.